பழைய மாணவர் கூட்டம்: அழைக்க வேண்டியவர் யார்?

உறவினரைப் பிறப்பு தருகிறது. அலுவலகத் தோழரைப் பிழைப்பு தருகிறது. பள்ளித் தோழரையோ ஓர் ஊரும் ஓர் ஆண்டும் ஒரு வருகைப் பதிவேடும் சேர்ந்து நமக்குத் தந்தன. நாம் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களும் நம்மைத் தேர்ந்தெடுக்கவில்லை. கணக்கப்பிள்ளையின் மகனும் கூலியாளின் மகளும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரே பாடத்தை ஓதிய அந்தச் சில ஆண்டுகளைப் போன்றதொரு காலம் பின்னர் நம் வாழ்வில் அமைவது அரிது. படிப்பு முடிந்தது, ஒருவர் தில்லிக்கும், ஒருவர் மும்பைக்கும், ஒருவர் பிலாய்க்கும் ரெயிலேறினோம். ஊரிலேயே தங்கியவர்களும் பலர் உண்டு.

பள்ளியை விட்டு இருபத்தைந்து, நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆனபின் பழைய வகுப்பினர் கூடி மகிழும் வழக்கம் இப்போது ஊர்தோறும் பரவியிருக்கிறது. கைபேசி வந்தபின் ஒருவரையொருவர் தேடிப்பிடிப்பதும் எளிதாகிவிட்டது. அயல் மாநிலங்களில் வாழும் நம்மிற் பலர் விடுப்பு எடுத்துக்கொண்டு இக்கூட்டங்களுக்குச் சென்று வருகிறோம். சில வேளைகளில் நாமே முன்னின்று நடத்துகிறோம். ஆகவே, இக்கூட்டம் செவ்வையாக நடக்க வேண்டியவை எவை என்பதைச் சிறிது ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

முதற்கண் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எளிதில் அகப்படுகிறவர்களே பெரும்பாலும் இக்கூட்டங்களுக்கு வந்து சேர்கின்றனர். நல்ல வேலை, நிலையான முகவரி, கையில் சிறிது பணம், சொல்லிக்கொள்ளத் தகுந்த செய்தி ஆகியவை உள்ளவர்களைத் தேடுவது எளிது. எட்டாம் வகுப்போடு நின்றவர், தேர்வில் தவறியவர், தொழிலில் நொடித்தவர், மணமாகி வேற்றூர் சென்ற பெண் ஆகியோர் தாமாக வந்து நிற்பதில்லை. அவர்களை விட்டுவிட்டுக் கூடினால், அது வகுப்பின் கூட்டம் ஆகாது. வகுப்பில் முன்னேறியவர்களின் கூட்டமே ஆகும். இரண்டுக்கும் வேறுபாடு பெரிது.

பள்ளித் தோழர் மீண்டும் சந்திப்பதைப் பற்றி நம் நாட்டில் பழைய கதைகள் இரண்டு உண்டு. ஒன்று எல்லோரும் விரும்பிச் சொல்வது. சாந்தீபனி முனிவரிடம் கண்ணனோடு ஒன்றாகப் பயின்ற குசேலர், வறுமையால் வாடி, ஒரு பிடி அவலை முடிந்துகொண்டு துவாரகைக்குச் செல்கிறார். மன்னனாய் விளங்கிய தோழன் எழுந்தோடி வந்து தழுவிக்கொள்கிறான். அந்த முனிவரின் ஆசிரமம் இருந்த இடம் என்று உஜ்ஜயினியில் ஓரிடத்தை இன்றும் காட்டுகின்றனர். சுதாமர் என்று வடபுலத்தார் வழங்கும் அக்குசேலருக்குக் குஜராத்தின் போர்பந்தரில் கோயிலும் உண்டு.

மற்றொரு கதையை நாம் அத்துணை விரும்பிச் சொல்வதில்லை. பரத்துவாசரின் ஆசிரமத்தில் துரோணரும் பாஞ்சால இளவரசன் துருபதனும் ஒன்றாகப் பயின்றனர். துருபதன் அரசனானான், துரோணர் வறியவராகவே இருந்தார். பழைய நட்பை நம்பி அரசவைக்குச் சென்ற தோழனை, சமமானவரிடையே அன்றோ நட்பு உண்டாகும் என்று சொல்லி அவன் இகழ்ந்தான். அந்த ஒரு சொல்லினால் விளைந்த பகை பாரதப் போர்க்களம் வரையில் சென்று இருவரையும் மாய்த்தது. குசேலர் கதையும் துரோணர் கதையும் தொடக்கத்தில் ஒன்றே: உயர்ந்துவிட்ட தோழனிடம் உயராத தோழன் வருகிறான். வந்தவனை எவ்வாறு வரவேற்றனர் என்பதிலேதான் கதைகள் பிரிகின்றன. பழைய மாணவர் கூட்டம் ஒவ்வொன்றிலும் இவ்விரு கதைகளுள் ஏதேனும் ஒன்று சிறிய அளவில் நடந்தே தீரும்.

வள்ளுவர் பெருமானும் நட்பைப் பற்றியும், நட்பினரை ஆராய்ந்து கொள்வதைப் பற்றியும் கூறிவிட்டு, அடுத்ததாகப் 'பழைமை' என்று 81-ஆம் அதிகாரத்தைத் தனியே வகுத்திருக்கிறார். நெடுநாட் பழகியவர் உரிமையோடு செய்வதை முகங்கோணாமல் ஏற்பதே அதன் சாரம். பழைய தோழன் தோளில் தட்டி ஒருமையில் அழைப்பான். பெரிய பதவியில் இருப்பவரிடம் பழைய குறும்பை எடுத்துரைப்பான். அவ்வுரிமையை ஏற்பவரே கூட்டத்துக்கு வரத் தக்கவர்.

இனி, தோழரைத் தேடும் முறையைப் பார்ப்போம். மனித நினைவு இத்துறையில் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்துகொண்டால் தேடுதல் எளிதாகும். 1975-இல் ஹாரி பாரிக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞரும் அவருடைய துணைவரும் ஏறத்தாழ 400 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி வெளியிட்டனர். பள்ளியை விட்டு முப்பது ஆண்டு கடந்தவர்களும், படத்தில் தம் வகுப்புத் தோழரின் முகத்தைக் கண்டதும் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் அடையாளம் கண்டுகொண்டனர். ஆனால், எவ்விதத் துணையுமின்றிப் பெயர்களை நினைவிலிருந்து கூறும்படி கேட்டபோது அவர்களால் அதில் ஒரு பகுதியே கூற முடிந்தது. முகம் மறக்கவில்லை, பெயர்தான் தானாக வருவதில்லை என்பது இதனால் விளங்கும். நாம் உட்கார்ந்து யோசித்து எழுதும் பட்டியலில் நமக்கு நெருங்கியவர் சிலர் மட்டுமே இடம்பெறுவர். கடைசி வரிசையில் வாய் திறவாமல் அமர்ந்திருந்தவர் விடுபடுவார். அவர் பெயரை யாரேனும் படித்துக் காட்டினால், 'ஆமாம், அவரும் இருந்தார்!' என்று எல்லோரும் வியப்போம்.

ஆகவே, நினைவை நம்பாமல் ஏட்டை நாட வேண்டும். வருகைப் பதிவேடுகள் காலப்போக்கில் கழிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் மாணவர் சேர்க்கைப் பதிவேடு நிலையான ஆவணமாகக் காக்கப்படுவது. தலைமை ஆசிரியருக்கு முறைப்படி எழுதி, ஊரில் உள்ள தோழர் ஒருவர் நேரிற் சென்று, அவர் இசைவோடு நம் வகுப்பின் பெயர்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். தேர்ச்சிப் பட்டியலை நாடினால் வென்றவர் மட்டுமே கிடைப்பர்; சேர்க்கைப் பதிவேட்டில் நடுவில் நின்றவரும் கிடைப்பர்.

நடுவில் நின்றவர் சிலரல்லர். தமிழ்நாட்டில் 1978-இல் மேனிலைக் கல்வி முறை வருவதற்கு முன்பு, பதினோராம் வகுப்பின் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு இருந்தது. காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபின், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படியேறிய பிள்ளைகள் எண்ணற்றோர். ஏறியவர் எல்லோரும் இறுதி வகுப்பை எட்டிவிடவில்லை. தந்தை நோயுற்றால் மகன் வயலுக்கோ தறிக்கோ கடைக்கோ சென்றான். வயதுக்கு வந்ததும் மகள் வீட்டோடு நிறுத்தப்பட்டாள். அவர்களுள் நம்மைவிட நன்றாகப் படித்தவரும் இருந்தனர் என்பதை நாம் அறிவோம். ஓராண்டு நம்மோடு அமர்ந்திருந்தாலும் அவர் நம் வகுப்பினரே.

பெயர்களைத் தேடுவதிலும் நமக்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. ஊரில் இருந்தவரை தந்தையின் முதலெழுத்தும் தம் பெயருமே நம் அடையாளம். வகுப்பில் மூன்று சுப்பிரமணியன்கள் இருந்தால் அந்த முதலெழுத்தே அவர்களைப் பிரித்துக் காட்டியது. வடக்கே வந்தபின், விண்ணப்பத் தாள்கள் குடும்பப் பெயர் கேட்டன. தந்தையின் பெயர் பின்னால் போய் நின்று குடும்பப் பெயராயிற்று. இராமசாமி மகன் இரா. சுப்பிரமணியன் மும்பையில் 'மிஸ்டர் இராமசாமி' ஆகிவிட்டார். பெண்களுக்கோ மணமானதும் முதலெழுத்தே மாறியிருக்கும். எனவே பட்டியலில் பள்ளிக்காலப் பெயர், இன்றைய பெயர், தந்தையின் பெயர், அன்று குடியிருந்த தெரு என்னும் நான்கையும் எழுதி வைப்பது நலம். கூட்டத்தன்று மார்பில் அணியும் அட்டையில் பள்ளிக்காலப் பெயரே பெரிய எழுத்தில் இருக்கட்டும். கேலிக்காக வைத்த பட்டப்பெயரை மட்டும் எழுதவேண்டா. அதைச் சூட்டியவர் மறந்திருப்பார், சுமந்தவர் மறந்திரார்.

பெண்களை அழைப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். அழைப்பு, உடன்பயின்ற பெண்கள் வாயிலாகவே செல்லுதல் நன்று. பிறந்த வீட்டாரிடம் கேட்டால் இன்றைய முகவரி கிடைக்கும். கூட்டத்தைப் பகலிலேயே வைத்து, குடும்பத்தாரும் உடன்வரலாம் என்று தெரிவித்தால், வரத் தயங்குவோர் பலர் வருவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளி நாள் எல்லோருக்கும் இனிய நாளாய் இருந்ததில்லை. சில ஊர்களில் தண்ணீர்ப் பானைகூட எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. விலகி உட்காரச் சொல்லப்பட்டவருக்கும், கிழிந்த சட்டைக்காக நகைக்கப்பட்டவருக்கும் 'அந்தப் பொற்காலம்' என்னும் சொல் கசக்கும். அவர் வர மறுத்தால் வற்புறுத்தலாகாது. வந்தால், பழைய கதையை அவர் சொல்லும் வகையிலும் கேட்க நாம் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

அடுத்தது பணம். மண்டபம், விருந்து, நினைவுப் பரிசு என்று செலவைப் பெருக்கி, தலைக்கு இவ்வளவு என்று விதித்துவிட்டால், கொடுக்க இயலாதவர் 'வேறு வேலை இருக்கிறது' என்று சொல்லி ஒதுங்கிவிடுவர். உண்மைக் காரணத்தை ஒருநாளும் சொல்லமாட்டார். ஆகையால் பள்ளிக்கூடத்திலேயே கூடி, எளிய சாப்பாட்டோடு முடிப்பது சிறந்தது. இயன்றதை மூடிய உறையில் இட்டு ஒருவரிடம் கொடுக்கட்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது அவர் ஒருவருக்கே தெரியட்டும். அயல் மாநிலங்களில் நல்ல ஊதியம் பெறும் நாம் கூடுதலாகக் கொடுப்பது முறை. அதை மேடையில் அறிவிக்காதிருப்பது அதனினும் முறை. ரெயிலில் முன்பதிவு, 2024 நவம்பர் முதல் பயண நாளுக்கு 60 நாட்கள் முன்னரே தொடங்குகிறது. தொலைவிலுள்ளோர் விடுப்புக் கேட்டு முன்பதிவு செய்வதற்கு, கூட்ட நாளை மூன்று மாதம் முன்பே அறிவிக்க வேண்டும்.

கூட்டத்தன்று நிகழ்ச்சிகள் பல வேண்டா. முதலாவதாகப் பழைய முறைப்படி வருகை எடுக்கலாம். பதிவேட்டின் வரிசையிலேயே பெயர்களை ஒருவர் படிக்கட்டும். இருப்பவர் 'உள்ளேன் ஐயா' என்பார். வர இயலாதவர் எங்கே எவ்வாறு இருக்கிறார் என்பதை அறிந்தவர் கூறுவர். காலமானவர் பெயர் வரும்போது எல்லோரும் எழுந்து நிற்பர். எவருக்கும் செய்தி தெரியாத பெயரைத் தனித்தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பதவியையும் சம்பளத்தையும் பிள்ளைகளின் வெளிநாட்டு வேலையையும் எடுத்துரைப்பதற்கு இம்முறையில் இடம் குறைவு. காப்பீடு, சீட்டு, மனை விற்பனை பற்றிய பேச்சுக்கும் அன்று விடுமுறை கொடுத்தல் நலம்.

ஆசிரியர்களை மேடையேற்றிச் சால்வை போர்த்துவது நம் வழக்கம். நடமாட இயலாத முதியவராயின், நால்வர் அவர் வீட்டுக்கே சென்று வணங்கி வருவது நன்று. பள்ளிக்கு ஏதேனும் செய்ய விரும்பினால், பெயர் பொறித்த கடிகாரத்தை வாங்குமுன், என்ன தேவை என்று தலைமை ஆசிரியரைக் கேட்க வேண்டும். 1950-களின் பிற்பகுதியில், பள்ளிக் கல்வித் துறையின் தலைவராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர்மக்களே பள்ளியின் குறைகளைக் கணக்கிட்டுப் பொருளுதவி செய்தனர். அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவரும் பிறரும் உதவுவதற்கென்றே தமிழ்நாட்டு அரசு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல், நம்ம ஊர்ப் பள்ளி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது.

இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கும் இவை பொருந்தும். அரசாங்கமே கோடையில் சிம்லாவுக்குப் பெயர்ந்த காலத்தில், 1923-இல், தில்லியில் பணிபுரிந்த தென்னாட்டார் தொடங்கிய கல்விச் சங்கம் இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக ஏழு பள்ளிகளை நடத்துகிறது. மும்பை மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியது. இத்தகைய பள்ளிகளில் பயின்றவர்களின் பெற்றோர் ஓய்வுபெற்று ஊர் திரும்பியிருப்பர். வீடும் அரசாங்கக் குடியிருப்பாய் இருந்து கைமாறியிருக்கும். அவர்களுக்குச் 'சொந்த ஊர்' என்று கைகாட்ட எஞ்சியிருப்பது சில வேளைகளில் அப்பள்ளி ஒன்றே. மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளில் சில வகுப்புகள் பயின்று வேலைக்குச் சென்றவர்களும் அதே நகரத்தில்தான் வாழ்கின்றனர். அவர்களைத் தேட ரெயிலேறவும் வேண்டுவதில்லை.

ஆகவே அன்பர்களே, அடுத்த கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யும்போது, மண்டபத்தைப் பேசி முடிக்கும் முன் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுவோம். பதிவேட்டிலுள்ள பெயர்களைப் பங்கிட்டுக்கொண்டு, ஆளுக்கு ஐந்து பேரைத் தேடுவோம். எத்தனை பேர் வந்தனர் என்று யாரேனும் கேட்டால், இன்னும் எத்தனை பெயர்களுக்கு விடை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வோம். அந்தத் தனித்தாளில் உள்ள பெயர்களே அடுத்த ஆண்டுக்கு நமக்குள்ள வேலை.