கொதிக்க வைத்தாலும் திரியாத புரதம்

அம்பத்தூர் எஸ்டேட்ல முப்பது வருஷம் லேத் மெஷின்ல நின்னவர் எங்க தாத்தா. பத்து மைக்ரான் பிசகாம கடைசல் பிடிச்ச அந்தக் கை, இப்போ மடியில சும்மா இருக்கும்போதே நடுங்குது. டாக்டர் சொன்ன பேர் பார்க்கின்சன். பயோடெக் படிக்கிற பேரன் சும்மா இருக்க முடியுமா? தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல வந்து நின்ன பேர் ஆல்ஃபா-சைனூக்ளின். நரம்பு செல்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற இடமான சினாப்ஸில் இருக்கும் சின்னப் புரதம். 140 அமினோ அமிலங்கள்தான். 1997-ல், பரம்பரையாக பார்க்கின்சன் வந்த ஒரு இத்தாலியக் குடும்பத்தில், இந்தப் புரதத்துக்கான ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பது தெரிந்தது. அதே வருஷம், நோயாளிகளின் மூளை செல்களில் காணப்படும் லூயி பாடி என்ற கட்டிகளில் இதே புரதம் குவிந்து கிடப்பதும் தெரிந்தது.

சரி, இதை ஆராய யாரோட மூளையிலிருந்து எடுப்பது? தேவையே இல்லை. மனித ஜீனை ஒரு பிளாஸ்மிட்டில் வைத்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் அனுப்புவார்கள். ஐபிடிஜி சேர்த்ததும் பாக்டீரியா நமக்காக மனிதப் புரதத்தைச் செய்து தரும். இதுதான் ரீகாம்பினன்ட் புரதம்.

இனிமேதான் சுவாரஸ்யம். செல்லை உடைச்சா பாக்டீரியாவோட சொந்தப் புரதங்களும் கலந்து வரும். அந்தக் கலவையை அப்படியே கொதிக்க வைப்பாங்க! வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி மற்றவை பெரும்பாலும் திரண்டுவிடும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் அடியில் இறங்கிவிடும். ஆல்ஃபா-சைனூக்ளின் மட்டும் கரைசலிலேயே நிற்கும். ஏன்னா, சூட்டுல கலையணும்னா முதல்ல நிலையான வடிவம் இருக்கணும். இதுக்கு அது கிடையாது; தண்ணீரில் அவிழ்ந்த நூல் மாதிரி மிதக்கும். பிறகு குரோமட்டோகிராஃபி காலத்தில் மிச்ச அழுக்கையும் நீக்கி, மைனஸ் 80 டிகிரியில் உறைய வைப்பார்கள்.

காப்பாத்தின அந்தக் குணமே ஆபத்தும்கூட. 37 டிகிரியில் நாள்கணக்கில் குலுக்கினால், இந்த நூல்கள் ஒட்டிக்கொண்டு நாராகும். ஏற்கெனவே உருவான நாரில் துளி சேர்த்தால் இன்னும் வேகம்: பாலில் உறைமோர் ஊற்றுகிற மாதிரி, நல்ல புரதத்தையும் தன் வடிவத்துக்கு இழுத்துவிடும். நாராவதற்கு முன் இது குட்டித் துளிகளாகத் திரள்வதை, ஐஐடி பம்பாயின் சமீர் மாஜி குழு 2020-ல் காட்டியது.

இதே தந்திரம் பரிசோதனையாகவும் மாறியிருக்கிறது. முதுகுத்தண்டு நீரை ரீகாம்பினன்ட் புரதத்தில் சேர்ப்பார்கள். அதில் நோயின் 'உறை' இருந்தால் நார் வளரும். 1,123 பேரிடம் செய்த ஆய்வு 2023-ல் வெளியானது. பார்க்கின்சன் உள்ளவர்களில் சுமார் 88 சதவீதம் பேருக்கு பாசிட்டிவ் வந்தது.

ஒரு எச்சரிக்கை: மனித செல் இந்தப் புரதத்தின் நுனியில் ஒரு அசிட்டைல் தொப்பி மாட்டும், சாதாரண ஈ.கோலை மாட்டாது. டியூப்பில் நடப்பதெல்லாம் மூளையில் அப்படியே நடக்கும்னு நம்பிடாதீங்க.

இதையெல்லாம் தாத்தாகிட்ட சொன்னேன். "ஊசியா போட்டா சரியாயிடுமாடா?"ன்னு கேட்டார்.

"இது மருந்தில்ல தாத்தா. மருந்து தேடுறவங்க சோதிச்சுப் பாக்குறதுக்கு."

"ஓ, ட்ரையல் பீஸா? சரி, அது சரியா வந்தாதான் வேலையே ஆரம்பிக்க முடியும்."