வீட்டில் ஒரு லேத்... கண்ணும் கையும் பத்திரம்!

'டாக்டர், லேத் மெஷினுக்கும் சித்த வைத்தியருக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? மெஷினோடு சம்பந்தம் இல்லைதான். ஆனால் அதன் முன்னால் நிற்கிறவரின் கண், கை, தோல், மூச்சு... இவற்றோடு ரொம்பவே உண்டு!

மேஜை மேல் வைக்கக்கூடிய சின்ன லேத்தை வாங்கி வீட்டிலேயே பம்பரம், பேனா, செப்புச் சாமான், பொம்மை எஞ்சின் என்று கடைகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல பொழுதுபோக்கு. மனசு ஒரு இடத்தில் நிற்கும், விரல்களுக்கும் வேலை. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தொழிற்சாலையில் தப்பு செய்தால் அதட்ட ஒரு மேஸ்திரி இருப்பார். வீட்டில் நீங்களே தொழிலாளி, நீங்களே மேஸ்திரி!

சின்ன மெஷின்தானே?

இந்த அலட்சியம்தான் முதல் எதிரி. ஒரு கணக்குப் பாருங்கள். லேத் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், ஒரு விநாடிக்கு 16 சுற்றுக்கு மேல். ஆபத்தைப் பார்த்து நாம் கையை இழுக்க, சுமார் 0.2 விநாடியாவது ஆகும். அதற்குள் மூன்று சுற்று தாண்டிவிடும். 25 மில்லிமீட்டர் கம்பியில் சட்டை நுனி மாட்டினால், அந்த நேரத்தில் சுமார் 26 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கு மேல் துணி சுற்றிக்கொள்ளும். துணியோடு கையும் போகும். 'உஷாரா இருந்தா போதும்' என்பது இங்கே எடுபடாது. மாட்டுகிற பொருளே உடம்பில் இருக்கக் கூடாது.

* முழுக்கை சட்டை, துண்டு, துப்பட்டா, தொங்கும் சேலைத் தலைப்பு கூடாது. நீளமான கூந்தலை இறுக்கி முடியுங்கள்.

* மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

* கை பத்திரம் என்று கையுறை போடாதீர்கள்! சுழலும் லேத்தில் கையுறைதான் கையை உள்ளே இழுக்கும்.

* கடைசலில் வரும் இரும்புச் சுருள் பிளேடு மாதிரி. மெஷினை நிறுத்திய பிறகு பிரஷ்ஷாலோ கொக்கியாலோ எடுங்கள். விரலால் இழுக்காதீர்கள்.

* சுழலும் கம்பியில் துணியையோ உப்புத்தாளையோ விரலைச் சுற்றிப் பிடிக்காதீர்கள்.

* சக்கை முறுக்கும் சாவி, சக்கில் இருக்கலாம் அல்லது ஸ்டாண்டில் இருக்கலாம். சக்கில் இருக்கும்வரை உங்கள் கை அதை விடக் கூடாது. சாவியோடு சுவிட்சைப் போட்டால் அது தோட்டா போலப் பறக்கும்.

வேகத்தையும் கவனியுங்கள். 25 மில்லிமீட்டர் சாதாரண இரும்புக் கம்பியை, ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலால் கடைய நிமிடத்துக்கு சுமார் 300 சுற்று போதும். கம்பியின் தடிமன் இரட்டித்தால் வேகத்தைப் பாதியாக்குங்கள். கோணல்மாணலான மரக்கட்டையை எப்போதும் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். மோட்டாரைப் போடுமுன் கையால் ஒரு சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்துவிடுங்கள்.

கண்ணில் விழுந்தால்...

வெறும் மூக்குக்கண்ணாடி காப்பாற்றாது. பக்கவாட்டிலும் மூடிய பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். மரம் கடைந்தால் முகம் முழுவதையும் மறைக்கும் ஷீல்டும் போடுங்கள்.

மீறி ஏதாவது விழுந்துவிட்டதா? கசக்காதீர்கள். தூசியானால் சுத்தமான தண்ணீரை விட்டு, கண்ணைச் சிமிட்டிப் பாருங்கள். போகாவிட்டால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள். புடவை நுனியால் எடுப்பது, நாக்கால் எடுப்பது, தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணுக்கு உகந்தது என்று எங்கள் வைத்தியம் சொல்வது நிஜம். அதற்காகக் காயம்பட்ட விழியில் பூவைக் கசக்கிப் பிழியலாம் என்று அர்த்தமில்லை. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், கேளுங்கள்!

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கருவிழியில் குத்திய இரும்புத் துகள் ஓரிரு நாளிலேயே துருக்கறை படியவைக்கும். கீறலில் கிருமி நுழைந்தால் புண்ணாகும். நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சையும் ஒரு பெரிய காரணம். அந்த நேரத்தில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டால், புண் முற்றிப் பார்வையே போகலாம். துகள் வேகமாக வந்து விழிக்குள் புகுந்த மாதிரி தெரிந்தால் கண்ணை அழுத்தாமல், ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து மறைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பின்னால் எப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தாலும், கண்ணில் இரும்பு பட்ட விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் காந்தம் உள்ளே தங்கிய துகளை அசைத்துவிடும்.

மூலிகை மரமானாலும் தூசி தூசிதான்

கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். லேத்தில் கடைந்து, சுழலும்போதே அரக்கு வண்ணம் ஏற்றுவார்கள். அதற்கு வழக்கமாகப் பயன்படும் மரம் எது தெரியுமா? நம்ம வெப்பாலைதான்! அதன் இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்து எடுக்கும் தைலத்தைத்தான் காளாஞ்சகப்படை என்கிற சோரியாசிஸுக்குத் தருகிறோம். இலை மருந்து என்பதால் அதன் மரத்தூள் நுரையீரலுக்கு மருந்தாகிவிடாது.

எந்த மரத்தூசியும் மூக்கடைப்பு, தும்மல், ஆஸ்துமாவைக் கிளறிவிடும். தேக்கு, ஈட்டித் தூசி சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தரும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-ல் வெளியிட்ட நூலில், மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வருஷக்கணக்கில் சுவாசித்தால் மூக்குப் பகுதியில் புற்று வரலாம். கைக்குட்டை நுண்ணிய தூசியைத் தடுக்காது. என்-95 மாஸ்க் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கையில் எண்ணெய், காலில் சுருள்

மெஷின் எண்ணெயும் கூலன்ட்டும் தோலில் ஊறினால் பருவும் கரப்பானும் வரும். மண்ணெண்ணெய், தின்னரால் கை கழுவாதீர்கள். தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசையையே அவை அறுத்துவிடும். சோப்பால் கழுவி, துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

வெட்டுப்பட்டால் மஞ்சள்தூளை அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஆழமான காயமானால் டாக்டரிடம் காட்டி, டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை! பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுருள் குத்தினாலும் தெரியாது. ஷூ போட்டே நில்லுங்கள். வேலை முடிந்ததும் பாதத்தைப் பாருங்கள். சளி மாத்திரையோ தூக்கம் வரவைக்கும் வேறு மருந்தோ சாப்பிட்ட அன்றைக்கு லேத்துக்கு லீவு!

மெஷினுக்கும் வைத்தியம்

டூல் அதிர்கிறதா? கீச்சிடுகிறதா? அது மெஷின் சொல்லும் நோய்க்குறி. டூல் மழுங்கியிருக்கலாம், ஸ்லைடு தளர்ந்திருக்கலாம். மழுங்கிய டூலோடு மல்லுக்கட்டும்போதுதான் கை வழுக்கும். டூலைத் தீட்டுவதும் உங்கள் விரலுக்குப் பாதுகாப்புதான்.

வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிரஷ்ஷால் தூளைத் தள்ளுங்கள். காற்றடித்து ஊதினால் தூள் ஸ்லைடுக்குள்ளும் போகும், உங்கள் கண்ணுக்குள்ளும் போகும். பெட்டைத் துடைத்து, மெல்லிசாக மெஷின் ஆயில் பூசுங்கள். கடலோர ஊர்களில் இதைத் தவறவே விடாதீர்கள், உப்புக்காற்றில் சீக்கிரம் துரு ஏறும். சமையல் எண்ணெய் வேண்டாம். நாளானால் பிசினாகி, ஸ்லைடு சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைக்கும். பருத்தித் துணியால் மூடுங்கள்.

மூன்று பின் பிளக்கும் சரியான எர்த்தும் கட்டாயம். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் இன்னும் நல்லது. மெஷினின் மைய அச்சு உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். குனிந்தே நின்றால் முதுகு பிடித்துக்கொள்ளும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அறைக்குப் பூட்டு போடுங்கள்.

சுவிட்சைத் தொடுமுன் நாலு கேள்வி: கண்ணாடி போட்டாச்சா? கையில் ஏதாவது தொங்குதா? சாவியை எடுத்தாச்சா? தூக்கம் வருதா? நாலுக்கும் சரியான பதில் கிடைத்தால் தாராளமாகச் சுவிட்சைப் போடுங்கள். பேரனுக்கு ஒரு பம்பரம் கடைந்து கொடுங்கள்!