தைமூர்: பிள்ளைக்கு இரும்பு என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

தைமூர் என்றதும் இந்திய வாசகருக்கு நினைவுக்கு வருவது 1398-இல் சூறையாடப்பட்ட டெல்லி. அந்தப் பெயருக்குத் துருக்கிய மொழிகளில் ‘இரும்பு’ என்று பொருள் எனத் தெரியவந்தால், ‘பார்த்தீர்களா, பெயரிலேயே வாள் இருக்கிறது’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த மனிதர் பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே மத்திய ஆசியாவின் புல்வெளிகளில் ஆண் குழந்தைகளுக்குச் சூட்டப்பட்டுவந்த பெயர் அது. சூட்டிய பெற்றோர் முதலில் வேண்டியது பிள்ளைக்கு வெற்றியை அல்ல, ஆயுளை என்பதே என் கருத்து.

துருக்கியர்களுக்கும் இரும்புக்கும் உள்ள உறவு அவர்களுடைய அரசு உருவான கதையிலேயே தொடங்குகிறது. ஆறாம் நூற்றாண்டில் அல்தாய் மலைப்பகுதியில் வாழ்ந்த கோக்துருக்கியர்கள், ரௌரான் என்ற பேரரசுக்கு இரும்பு உருக்கிக் கொடுத்துவந்ததாகச் சீன வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அவர்களுடைய தலைவர் பூமின் ரௌரான் இளவரசி ஒருத்தியைப் பெண் கேட்டபோது, ‘நீ என் கொல்லுப்பட்டறை அடிமை அல்லவா?’ என்ற தோரணையில் மறுப்பு வந்தது. 552-இல் அந்த அடிமைகளே ரௌரானை வீழ்த்தித் தனிப்பேரரசு அமைத்தார்கள். இன்றைய மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் 732-இல் நிறுத்தப்பட்ட குல் தெகின் கல்வெட்டு, மேற்கே சமர்கந்துக்கும் பால்குக்கும் இடையிலுள்ள ஒரு கணவாயை ‘தெமிர் கபிக்’, அதாவது இரும்பு வாயில் என்று குறிக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் துருக்கிய மொழிக்கு அகராதி தொகுத்த மஹ்மூத் அல்-காஷ்கரி இன்னொரு செய்தி தருகிறார். கிர்கிஸ், கிப்சாக் முதலிய இனத்தார் சத்தியம் செய்யும்போது வாளை முன்னால் குறுக்கே வைப்பார்கள். சொன்ன சொல் தவறினால் அந்த இரும்பே பழிவாங்கும் என்பது நம்பிக்கை. வைக்கப்பட்டது வாள்தான். ஆனால் அவர்கள் இரும்பை மதித்துப் போற்றியதுதான் இந்த வழக்கத்துக்குக் காரணம் என்று காஷ்கரியே விளக்குகிறார். ஆயுதமாவதற்கு முன்பே அந்த உலோகம் வணக்கத்துக்குரியதாக இருந்தது.

அப்படிப்பட்ட பொருளின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் அதன் உறுதி பிள்ளைக்கும் ஒட்டும் என்று நம்பினார்கள். இதற்கு நான் காணும் வலுவான சான்று, அந்தப் பெயரோடு சேர்ந்து வரும் சொற்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பொற்கூட்டம் என்ற மங்கோலிய அரசை ஆண்டவர் மெங்கு தெமூர்: ‘என்றும் அழியாத இரும்பு’. துர்க்மெனிஸ்தானின் கூன்யா உர்கெஞ்ச் நகரில் சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் கோபுரம் குத்லுக் தெமூர் பெயரைத் தாங்கியிருக்கிறது: ‘அருள்பெற்ற இரும்பு’. எசென் தெமூர் என்றால் ‘நலமான இரும்பு’. சீனாவை ஆண்ட கடைசி மங்கோலியப் பேரரசர் தோகோன் தெமூரின் பெயருக்கோ ‘இரும்புக் கொப்பரை’ என்று பொருள் சொல்கிறார்கள். அழியாமை, அருள், நலம், அடுப்பில் ஏற்றும் பாத்திரம் என்று போகும் இந்த வரிசையில் போர்க்களம் எங்கே இருக்கிறது? உஸ்பெக் மக்களிடையே இன்றும் தோஷ்தெமிர் என்ற பெயர் உண்டு. ‘தோஷ்’ என்றால் கல். கல்லும் இரும்பும் சேர்ந்த பிள்ளை. அதே மக்கள் துர்சுன் (‘நிலைத்திருக்கட்டும்’), தோக்தாசின் (‘தங்கட்டும்’) என்றும் பெயரிடுகிறார்கள். குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீடுகளில், அடுத்துப் பிறந்ததாவது நிற்கட்டும் என்று ஏங்கிய தாய்மார் சூட்டிய பெயர்கள் இவை. தெமிர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பெயர்.

இதற்கு மறுப்புகள் உண்டு. தைமூரின் சுயசரிதை என்று சொல்லப்படும் பாரசீக நூல், தந்தை குழந்தையை ஒரு ஞானியிடம் கொண்டுசென்றபோது அவர் ஓதிக்கொண்டிருந்த குர்ஆன் வசனத்தில் ‘அதிரும்’ என்ற பொருளில் வரும் ‘தமூரு’ என்ற அரபுச் சொல்லிலிருந்தே பெயர் பிறந்தது என்கிறது. கதை அழகானது, ஆனால் நிற்காது. அந்த நூல் வெளிப்பட்டதே பதினேழாம் நூற்றாண்டில், ஷாஜகான் காலத்தில். அதைத் தைமூர் எழுதியதாக வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. தைமூர் பிறந்த ஆண்டாகச் சொல்லப்படுவது 1336. அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே, 1294-இல், குப்லாய் கானின் பேரன் ஒருவர் தெமூர் என்ற பெயருடன் சீன அரியணை ஏறிவிட்டார். அவர் குர்ஆனைப் பார்த்துப் பெயர் பெற்றவர் அல்லர்.

செங்கிஸ் கானின் இயற்பெயர் தெமுஜின் என்பதை இரண்டாவது மறுப்பாகச் சொல்லலாம். அதற்கும் இரும்பே வேர் என்பார்கள். சிறைபிடித்த எதிரியின் பெயரைத் தந்தை மகனுக்கு வைத்தார் என்று ‘மங்கோலியர்களின் ரகசிய வரலாறு’ சொல்கிறது. வெற்றியைக் கொண்டாடிப் பெயரிடும் வழக்கமும் இருந்தது என்பதை இது காட்டுகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே வெற்றியைச் சொல்வது பெயரின் பொருள் அல்ல, அந்தப் பெயரை உடையவன் சிறைப்பட்டான் என்ற நிகழ்ச்சி. இரும்பைக் குறிக்கும் சொல் மங்கோலிய மொழிக்கும் பொதுவானதுதான். ஆனாலும் மங்கோலியர் எழுதத் தொடங்குவதற்குச் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே அது துருக்கியக் கல்லில் ஏறிவிட்டது.

சோவியத் எழுத்தாளர் அர்காதி கைதார் 1940-இல் வெளியிட்ட ‘தைமூரும் அவன் குழுவும்’ என்ற சிறுவர் கதையில், போர்முனைக்குப் போனவர்களின் வீடுகளுக்கு யாருக்கும் தெரியாமல் உதவும் சிறுவனுக்கு இந்தப் பெயர்தான். அதைப் படித்து வளர்ந்த தலைமுறைக்குத் தைமூர் என்றால் உதவிக்கு வரும் பையன். கசாக்கியரிடம் தெமிர், தாத்தாரியரிடம் திமெர் என்று அந்தப் பெயர் இன்றும் புழங்குகிறது. துருக்கியில் முதல் ஒலியான ‘t’ மென்மையாகி ‘d’ ஆகிவிட்டது. அந்தப் பெயருள்ள ஒருவரை நீங்கள் சந்திக்க நேர்ந்தால், டெல்லியின் கணக்கை அவரிடம் கேட்காதீர்கள்.