காலடியில் கிடப்பது மரமா, மரத்தின் படமா?



நான் தரை பதிக்கும் தொழிலில் பல வருடங்களாக வேலை செய்பவன். பூம்ப்ளிஸில் எங்கள் ஆட்களின் வீடுகளுக்குப் போனால் தேத்தண்ணி வருவதற்கு முன்பே ஒரு கேள்வி வரும். "அண்ணை, இந்த டெப்பிச்சைக் கழற்றிப்போட்டு மரம் போடலாமோ?" அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த மாத உரை.

ஊரில் எங்களுக்குத் தெரிந்தது சாணம் மெழுகிய தரையும் சிவப்புச் சீமெந்துத் தரையும்தான். வெள்ளிக்கிழமை என்றால் வாளியால் தண்ணீர் ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவுவோம். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் நான் இங்கே எடுத்த முதல் வீட்டில், சதுரங்கப் பலகை மாதிரிச் சின்னச் சின்னக் கட்டைகள் ஒட்டிய தரை இருந்தது. சுவிஸ்காரர் அதைக் 'குளொட்ஸ்லி பார்கெட்' என்பார்கள். நானும் ஊர்ப் பழக்கத்தில் வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இரண்டு வருடத்தில் கட்டைகள் ஊதிக் கிளம்பிவிட்டன. வீட்டை விட்டுப் போகும்போது வைப்புப் பணத்தில் பாதி போய்விட்டது. அந்தத் தரை எத்தனை வருடம் பழையது என்று கேட்கலாம் என்பதுகூட எனக்கு அன்று தெரியாது.

இனி விடயத்துக்கு வருவோம். தரையிலும் காலத்துக்குக் காலம் ஆட்களின் விருப்பம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பூம்ப்ளிஸின் பெரிய மாடிக் குடியிருப்பான ட்சார்னர்கூட்டை 1958இல் கட்டத் தொடங்கினார்கள். அதற்குப் பிந்திய காலத்தில் லினோலியம், பிளாஸ்டிக் விரிப்பு, சுவருக்குச் சுவர் டெப்பிச் என்பனதான் நாகரிகம். பிறகு தூசி பிடிக்கும் என்று டெப்பிச்சை ஆட்கள் கைவிடத் தொடங்கினார்கள். 1970களின் கடைசியில் சுவீடனில் உருவான லமினாட், 1990களின் நடுப்பகுதியில் பசையில்லாமல் 'கிளிக்' என்று பூட்டும் முறை வந்ததும் வீடு வீடாகப் புகுந்தது. பார்கெட்டிலும் மாற்றம் வந்தது. முன்பு சிவந்த பீச் மரமும் மினுங்கும் வார்னிஷும் கேட்டவர்கள், இப்போது மங்கலாக எண்ணெய் பூசிய அகன்ற ஓக் பலகையைக் கேட்கிறார்கள். பாட்டன் காலத்து மீன்முள் வடிவமும் திரும்பி வந்திருக்கிறது. கடைசியாக வந்து சேர்ந்தது, மரம்போலவே தெரியும் வினைல்.

கடையில் இவை எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஒன்றல்ல. லமினாட் என்பது அழுத்திய மரத்தூள் நார்ப் பலகை. அதன்மேல் இருப்பது மரத்தின் படம் அச்சடித்த காகிதமும் ஒரு பிசின் படலமும். பார்கெட் என்று பெயர் சொல்ல வேண்டுமானால், ஐரோப்பியத் தரவிதிப்படி மேல்பக்கத்தில் குறைந்தது 2.5 மில்லிமீற்றர் உண்மையான மரம் இருக்கவேண்டும். ஒருமுறை சீவி மெருகேற்றினால் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் போகும். ஆகவே பார்கெட் கீறுப்பட்டால் சீவிப் புதிதாக்கலாம். லமினாட் கீறுப்பட்டால் பலகையை மாற்றத்தான் வேண்டும்.

"லமினாட் பிளாஸ்டிக்தானே, தண்ணீர் ஊற்றலாம்" என்று எங்கள் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மூட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் நார்ப் பலகை ஊதிவிடும், பிறகு வற்றாது. மரத்துக்கும் லமினாட்டுக்கும் நன்றாகப் பிழிந்த துணியே போதும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது மரம் காய்ந்து சிறு இடைவெளிகள் தெரியும். அது இயல்பு, பயப்பட வேண்டாம். குத்துவிளக்கின் கீழே ஒரு தட்டு வையுங்கள். மரத்தில் எண்ணெயும் மஞ்சளும் ஊறினால் எடுப்பது கஷ்டம். கீழ்வீட்டுக்காரரை நினைத்து, உரலின் கீழே தடித்த விரிப்பு ஒன்றையும் போடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கவேண்டியவை மூன்று.

முதலாவது, வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் தரையை மாற்றக்கூடாது. வாய்ச்சொல் போதாது. போகும்போது பழையபடி ஆக்கவேண்டுமா என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, சாதாரணத் தேய்மானத்துக்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை. சேதப்படுத்தியிருந்தாலும் மிஞ்சியிருக்கும் பெறுமதிக்குத்தான் பொறுப்பு. வாடகையாளர் சங்கமும் வீட்டு உரிமையாளர் சங்கமும் சேர்ந்து வெளியிடும் ஆயுட்கால அட்டவணையில், நடுத்தர டெப்பிச்சுக்கு 10 வருடம் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் பழைய டெப்பிச்சுக்கு முழுக் காசு கேட்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன் வாடகையாளர் சங்கத்தில் விசாரியுங்கள்.

மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது. 1990க்கு முன் கட்டிய வீடுகளில் பழைய பிளாஸ்டிக் விரிப்பின் அடியிலும் பசையிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அதைக் கிழித்தால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் பறக்கும். அவை நுரையீரலில் தங்கி, பல பத்து வருடங்களுக்குப் பிறகு புற்றுநோயாக வெளிப்படலாம். சனிக்கிழமை இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டுக் கிழித்தெறியும் வேலையல்ல இது. முதலில் பரிசோதனை, இருந்தால், அனுமதி பெற்ற நிறுவனம்தான் எடுக்கவேண்டும்.

ஆகவே, "மரம் போடலாமோ?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் மேலே எதைப் போடுவது என்று பார்க்கும் முன், கீழே என்ன இருக்கிறது, வீடு யாருடையது என்று பாருங்கள். நான் பாதி வைப்புப் பணம் கொடுத்துப் படித்த பாடம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கட்டும்.