சாலைக்கும் உண்டு உடல்நலப் பரிசோதனை

விபத்தில் காயமுற்று எங்களிடம் வருபவரின் உறவினர்களிடம் நாங்கள் தொடக்கத்திலேயே கேட்கும் கேள்வி, "எந்த இடத்தில், எப்படி நடந்தது?" என்பதாகும். காவல் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இதைக் கேட்பதில்லை. அடிபட்ட விதம் தெரிந்தால்தான், வெளியே தெரியாத காயத்தை உடலின் எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்பது எங்களுக்குப் புலப்படும். இக்கேள்விக்குப் பலர் கூறும் விடை, "விதி" என்பது. அல்லது, "அவர் இன்னும் நிதானமாகப் போயிருக்கலாம்" என்பது. ஓட்டுநரின் கவனக்குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் சாலை எவ்வாறு அமைந்திருந்தது என்பதும் ஒரு காரணமே. அதனை முறைப்படி ஆராய்வதே சாலைப் பாதுகாப்புத் தணிக்கை.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர்; தமிழ்நாட்டில் 17,884 பேர். இவர்களுள் ஒரு பகுதியினரையேனும் மருத்துவமனைக்கு வரும் நிலை ஏற்படாமலேயே காத்திருக்க இயலும் என்பதால், இது பொறியாளர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று.

தணிக்கை என்பது யாது?

கணக்குத் தணிக்கை நடந்து முடிந்ததை ஆராய்கிறது. சாலைத் தணிக்கையோ இனி நடக்கக்கூடியதையும் ஆராய்கிறது. நோய் வெளிப்படும் முன்னரே செய்துகொள்ளும் முழு உடல் பரிசோதனையைப் போன்றது இது. 1980-களில் பிரிட்டனில் உருவான இம்முறைக்கு, இந்தியச் சாலைகள் பேரவை 2010-இல் கையேடு வெளியிட்டு, 2019-இல் அதனைத் திருத்தியது.

திட்டமிடல், வரைபடம், கட்டுமானம், திறப்பு விழாவுக்கு முன், பயன்பாட்டில் உள்ள சாலை எனப் பல நிலைகளில் தணிக்கை நடைபெறும். வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றுவதற்குப் பெருஞ்செலவு இல்லை. கான்கிரீட் இட்ட பிறகு அதையே மாற்றப் பெரும்பொருள் வேண்டும். ஆகவே முன்கூட்டிய தணிக்கையே சிறந்தது. அச்சாலையை வடிவமைத்தவர் அதனைத் தணிக்கை செய்தல் கூடாது என்பது அடிப்படை விதி.

தணிக்கையாளர் எவற்றைக் கற்கிறார்?

சாலைப் பொறியியல் கற்று, பணி அனுபவம் பெற்றவர்கள் இதற்கெனத் தனிப் பயிற்சி பெறுகின்றனர். தில்லியிலுள்ள மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனம் இதற்குச் சான்றிதழ்ப் பயிற்சி அளித்து வருகிறது.

மனிதர் தவறு செய்வர் என்பதும், அத்தவற்றுக்கு உயிர் விலையாகிவிடக் கூடாது என்பதும் அங்குக் கற்கும் முதற் பாடம். வண்டி தடம் மாறி ஓரத்திற்குச் சென்றால் அது எதன்மீது மோதும்? சமவெளியிலா, புளியமரத்திலா, ஈட்டிபோல் நீண்டிருக்கும் இரும்புத் தடுப்பின் முனையிலா? பிழையைப் பொறுக்கும் சாலையே நல்ல சாலை.

பிறர் கண்களால் சாலையைப் பார்ப்பது இரண்டாம் பாடம். காரில் அமர்ந்தபடி பார்த்தால் போதாது. இறங்கி நடக்க வேண்டும். பள்ளிக் குழந்தை, மூதாட்டி, சக்கர நாற்காலியில் செல்பவர், மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி ஆகிய ஒவ்வொருவராகவும் தம்மைக் கருதிக்கொண்டு பார்க்க வேண்டும். பகலில் பார்த்த இடத்தை இரவிலும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கும். இடையூற்றைக் கண்டு, உணர்ந்து, கால் பிரேக்கை அடைய 2.5 நொடி எனக் கொண்டால், அதற்குள் 55 மீட்டர் கடந்துவிடும். முழுமையாக நிற்பதற்கு 120 மீட்டர் தேவை. வளைவில் வளர்ந்த புதரோ விளம்பரப் பலகையோ அந்த 120 மீட்டரை மறைத்தால், எத்துணைத் திறமையான ஓட்டுநரும் அங்கு உதவியற்றவரே.

இறுதியாக, அறிக்கை எழுதும் முறை. எந்த இடத்தில், யாருக்கு, எவ்வகை விபத்து நேரலாம், அதற்குத் தீர்வு என்ன என்று தெளிவாக எழுத வேண்டும். சாலைக்குப் பொறுப்பானவர்கள் ஒவ்வொரு குறிப்புக்கும் எழுத்து மூலம் விடையளிக்க வேண்டும்.

காயம் காட்டும் இடம்

வண்ணம் பூசப்படாத வேகத்தடையில் இருசக்கர வண்டி தூக்கியெறியும்போது, பின்னால் ஒருபுறமாக அமர்ந்திருக்கும் பெண் சறுக்கி விழுகிறார்; பின்தலையில் அடிபடுகிறது. சாலையைக் கடப்பவரைக் கார் மோதினால், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிகிறது. இருளில் நிற்கும் லாரியின் பின்புறம் மோதினால் முகமும் கழுத்தும் மார்பும் சிதைகின்றன.

நாங்கள் முறிவைக் காணும் இடத்தில் தணிக்கையாளர் காரணத்தைக் காண்கிறார். வேகத்தடைக்கு முன் எச்சரிக்கைப் பலகை ஏன் இல்லை? பேருந்து நிறுத்தம் ஒருபுறமும் சந்தை மறுபுறமும் இருக்க, கடப்பதற்கு வழி எங்கே? லாரிகள் நிற்கத் தனி இடம் உண்டா? ஊடுகதிர்ப் படத்தில் இக்கேள்விகளுக்கு விடை இல்லை, சாலையில் உண்டு.

மருத்துவரின் பங்கு

விபத்தை அதற்கு முன், அந்நேரம், அதன் பின் என மூன்றாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் மனிதர், வாகனம், சூழல் ஆகியவற்றை ஆராயும் முறையை வகுத்த வில்லியம் ஹாடன் ஒரு மருத்துவரே. நம் நாட்டில், கோயம்புத்தூர் எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக, உச்ச நீதிமன்றம் 2014-இல் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. அதே வழக்கில் 2017-இல் பிறப்பித்த ஆணைகளில் சாலைத் தணிக்கையும் இடம்பெற்றது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் நேரும் குறைகளால் இறப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

• விபத்து நடந்த இடத்தை எங்களிடமும் காவல் துறையிடமும் துல்லியமாகக் கூறுங்கள். "ஊருக்குப் பக்கத்தில்" என்பதைவிட, கிலோமீட்டர் கல்லோ, பாலமோ, பள்ளியோ குறிப்பிடுவது பயன் தரும். தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்திற்குள் மூன்று ஆண்டுகளில் 10 பேர் இறந்தாலோ, இறப்போ கொடுங்காயமோ விளைவித்த 5 விபத்துகள் நேர்ந்தாலோ அது 'கரும்புள்ளி' எனக் கணிக்கப்படுகிறது. இடம் தவறாகப் பதிவானால் அக்கணிப்பும் தவறும்.

• உங்கள் பகுதியில் மறைந்த வளைவு, எரியாத விளக்கு, வண்ணமற்ற வேகத்தடை ஆகியவற்றைக் கண்டால், ஒளிப்படத்துடன் நெடுஞ்சாலைத் துறைக்கோ உள்ளாட்சி அலுவலகத்திற்கோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

• காயமுற்றவரைக் கண்டால் 108-ஐ அழையுங்கள். நல்லெண்ணத்துடன் உதவுபவரைச் சட்டம் பாதுகாக்கிறது.

• சாலை சீராகும் வரை காத்திராமல், வண்டி ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணியுங்கள். காரில் இருக்கைப் பட்டை அணியுங்கள்.

உறவினரை இழந்த அல்லது உறவினர் ஊனமுற்ற குடும்பங்களில், "நாம் அன்று அவரை அனுப்பாமல் இருந்திருக்கலாமே" என்ற எண்ணம் நெடுநாள் வருத்துவதை நாங்கள் காண்கிறோம். அந்தப் பாரம் முழுவதையும் நீங்களே சுமக்க வேண்டியதில்லை. விபத்து நடந்த இடத்தைப் பற்றி நீங்கள் தரும் சரியான ஒரு குறிப்பு, அதே வளைவில் நாளை மற்றொருவர் விழாமல் காக்கக்கூடும்.