'வில் பி பெய்ட்', 'ஹேஸ் பீன் பெய்ட்': சம்பளம் வந்துடுச்சா, இனிமேதானா? பேசிவ் வாய்ஸ் எளிய விளக்கம்

மணலி புதுநகரில் இருந்து எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வேலைக்குப் போறவங்களா நீங்க? மொபைலுக்கு வரும் மெசேஜும், கேட்டில் ஒட்டியிருக்கும் நோட்டீஸும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதிலும் பேசிவ் வாய்ஸ், அதாவது செயப்பாட்டு வினை அதிகம். ஒரு வார்த்தை மாறினால் அர்த்தமே மாறிடும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மட்டும் படிக்கும் பாடம் இல்லை இது.

பேசிவ் வாய்ஸ் என்றால் என்ன?

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே 2 கப்பல்கள் மோதி, கடலில் எண்ணெய் கொட்டியது. கரை ஒதுங்கிய எண்ணெயைத் தன்னார்வலர்கள் வாளியில் அள்ளி அகற்றினார்கள். இதை ஆங்கிலத்தில் 2 விதமாகச் சொல்லலாம்.

ஆக்டிவ்: வாலன்டியர்ஸ் ரிமூவ்ட் தி ஆயில். (தன்னார்வலர்கள் எண்ணெயை அகற்றினார்கள்)

பேசிவ்: தி ஆயில் வாஸ் ரிமூவ்ட் பை வாலன்டியர்ஸ். (எண்ணெய் தன்னார்வலர்களால் அகற்றப்பட்டது)

முதலாவதில் செய்தவர் முன்னால் வருகிறார். இரண்டாவதில் எண்ணெய் முன்னால் வருகிறது. செய்தவர் 'பை' போட்டுக் கடைசிக்குப் போகிறார்.

எப்படி அமைப்பது?

தமிழில் காலத்தைக் காட்டுவது 'படு': அகற்றப்படுகிறது, அகற்றப்பட்டது, அகற்றப்படும். ஆங்கிலத்தில் அந்த வேலையை 'பி' என்ற துணைவினை செய்கிறது. அது மட்டும்தான் காலத்துக்கு ஏற்ப மாறும். முக்கிய வினை எப்போதும் மூன்றாம் வடிவத்திலேயே (பே – பெய்ட் – பெய்ட்) இருக்கும்.

* சாலரி இஸ் பெய்ட்: சம்பளம் வழக்கமாகக் கொடுக்கப்படுகிறது
* சாலரி இஸ் பீயிங் பெய்ட்: இப்போது கொடுத்துக்கொண்டு இருக்கிறார்கள்
* சாலரி வாஸ் பெய்ட்: கொடுக்கப்பட்டது
* சாலரி ஹேஸ் பீன் பெய்ட்: கொடுத்தாச்சு
* சாலரி வில் பி பெய்ட்: இனிமேல்தான் கொடுக்கப்படும்

'ஹேஸ் பீன்' என்று மெசேஜ் வந்தும் கணக்கில் பணம் இல்லையா? உடனே கேளுங்க. 'வில் பி' என்றால் என்று வரும் எனத் தேதி கேளுங்க.

பலரும் செய்யும் தப்பு

'ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்' என்று எழுதுவது தவறு. 'ஆன் ஆக்சிடென்ட் ஹேப்பன்ட்' என்பதே சரி. எதை, யாரை என்று கேட்டால் பதில் கிடைக்கும் வினைக்குத்தான் பேசிவ் உண்டு. எதை அகற்றினார்கள்? எண்ணெயை. அதனால் அதற்குப் பேசிவ் வரும். 'எதை நடந்தது?' என்று கேட்கவே முடியாதே!

'பை' எங்கே போச்சு?

'ஆயில் வாஸ் ஸ்பில்ட்' என்றாலும் வாக்கியம் முழுமைதான். ஆனால் கொட்டியது யார்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, அங்கிருந்தவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்ததும் அதுதான்.

செய்தவர் யார் என்று தெரியாதபோது, அல்லது தேவைப்படாதபோது 'பை' இல்லாமல் எழுதுவது தவறில்லை. ஆனால் பொறுப்பு யாருடையது என்பது முக்கியமான இடத்தில் அதைத் தேடிப் பாருங்க. சம்பள நோட்டீஸிலும் அப்படித்தான்: 'வில் பி பெய்ட்' சரி, கொடுக்கப்போவது கம்பெனியா, கான்ட்ராக்டரா? நீங்கள் புகார் எழுதும்போது யார் செய்தது என்று தெரிந்தால், ஆக்டிவ் வாய்ஸிலேயே நேராக எழுதிடுங்க.