பாக்கின் இசையும் லூசியேயின் மனோதர்மமும்

ஓவியனும் சிற்பியும் ஆக்கிய பொருள்கள் அவர்கள் மறைந்த பின்னரும் ஆக்கிய வடிவிலேயே நின்று காண்பார்க்குக் காட்சி தருவன. இசை அத்தகையதன்று. அது ஏட்டில் எழுதி வைக்கப்பட்டிருப்பினும், ஒருவன் அதனை இசைக்கும்பொழுதே உயிர் பெறுகின்றது. ஆகவே, முன்னோர் இயற்றிய இசையை இன்று இசைப்போனுக்கு உள்ள உரிமை யாது, அவ்வுரிமைக்கு எல்லை யாது என்னும் வினா இசையுலகில் என்றும் நிலவுவதாகும். இருபதாம் நூற்றாண்டில் மேனாட்டாரிடையே இவ்வினாவை மீண்டும் எழச் செய்தவர்களுள் பிரான்சு நாட்டுப் பியானோக் கலைஞர் ஜாக் லூசியே குறிப்பிடத்தக்கவராவர்.

லூசியே 1934ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் நாள் அன்ஜே நகரிற் பிறந்தார். இளமையிலேயே பியானோவைக் கற்கத் தொடங்கி, பின்னர் பாரிஸ் இசைக் கல்லூரியில் ஈவ் நாட் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் பயின்றார். சார்ல்ஸ் அஸ்னவூர் முதலிய பாடகர்க்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பொருளீட்டியும் வந்தார். 1959ஆம் ஆண்டில் பியர் மிஷ்லோ, கிறிஸ்தியன் கரோஸ் என்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு மூவர் குழுவொன்றை அமைத்தார். மிஷ்லோ, நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய நரம்புக் கருவியாகிய டபிள் பேஸ் வாசித்தார். கரோஸ் முரசுகளை முழக்கினார். இம்மூவரும் ஜாஸ் இசையிற் கைதேர்ந்தவர்கள். ஆயின், அவர்கள் மேடையில் எடுத்துக்கொண்டதோ ஜேர்மானியப் பேரிசைஞர் யோகான் செபஸ்தியன் பாக் இயற்றிய இசையாகும். 'பிளே பாக்' என்னும் பெயரோடு வெளிவந்த அவர்களின் இசைத்தட்டுகள் பல இலட்சக்கணக்கில் விலைபோயின.

லூசியே செய்தது யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். பாக் 1722ஆம் ஆண்டிற் தொகுத்த இருபத்துநான்கு முன்னிசைகளும் பியூக்குகளும் கொண்ட நூலின் முதலாவது முன்னிசை சீ மேஜர் தளத்தில் அமைந்தது. முப்பத்தைந்து தாளக்கட்டுகளே உடைய இச்சிறு படைப்பிற் பாடக்கூடிய மெட்டு என்று ஒன்றும் இல்லை. ஏறத்தாழ ஒவ்வொரு கட்டிலும் ஒரு சுரக்கூட்டு உண்டு. அச்சுரங்கள் ஒருங்கே ஒலியாது, ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறி ஒலிக்கின்றன. லூசியே முதலில் இதனைப் பெரும்பாலும் பாக் எழுதியவாறே வாசிப்பார். பின்னர் டபிள் பேஸும் முரசும் மெல்லச் சேர, சுரக்கூட்டுகளின் வரிசையை அடித்தளமாக நிறுத்தி, அதன்மேல் தம் கற்பனையிற் தோன்றும் புதிய சுரக்கோவைகளை அப்பொழுதைக்கப்பொழுது தொடுப்பார். சம அளவுள்ள சுரங்கள் நெடிலும் குறிலுமாய் மாறி, ஜாஸிற்கே உரிய துள்ளல் நடையைப் பெறும். இறுதியில் இசை பாக்கின் மூலத்துக்கே மீளும்.

இதனைக் கேட்ட பழமை பேணுவோர் சிலர், பேராசானின் படைப்பைக் கேளிக்கைப் பொருளாக்கிய குற்றம் இது என்றனர். இக்கண்டனத்தின் வன்மையை ஆராய்தற்கு முன் பாக்கின் காலத்து வழக்கத்தை நோக்குதல் வேண்டும். 1685இற் பிறந்து 1750இல் மறைந்த பாக், தம் காலத்தில் இயற்றுநராக மட்டுமன்றி, மனோதர்மத்திற் சிறந்த ஓர்கன் வாத்தியக்காரராகவும் போற்றப்பட்டார். 1747ஆம் ஆண்டிற் பொற்ஸ்டாம் அரண்மனையிற் பிரெடரிக் மன்னர் கொடுத்த ஒரு பொருளை வைத்துக்கொண்டு, அவ்விடத்திலேயே மூன்று குரல்கள் கொண்ட பியூக் ஒன்றை அவர் இசைத்தமை வரலாறு. அக்காலத்தில் விசைப்பலகை வாத்தியக்காரர்க்குக் கொடுக்கப்பட்ட ஏட்டிற் பெரும்பாலும் கீழ்க்குரலின் சுரங்களும் அவற்றுக்கான இலக்கங்களுமே இருக்கும். இலக்கங்கள் குறிக்கும் சுரக்கூட்டுகளை எவ்வாறு நிரப்புவது என்பது வாத்தியக்காரரின் பொறுப்பாகும். ஜாஸ் வாத்தியக்காரரும் இவ்வாறே சுரக்கூட்டுகளின் குறியீடுகளைக் கண்டு, எஞ்சியதைத் தாமே ஆக்கிக்கொள்வர். சம அளவாக எழுதப்பட்ட சுரங்களை நெடிலும் குறிலுமாக வாசிக்கும் முறையும் பழைய பிரான்சு இசையில் வழங்கியதே.

பிறர் இசையை மாற்றி அமைத்தலும் பாக்குக்குப் புதிதன்று. இத்தாலியராகிய விவால்டி நான்கு வயலின்களுக்கு இயற்றிய இசையொன்றை அவர் நான்கு ஆர்ப்சிக்கோட் கருவிகளுக்கு ஏற்றவாறு திருத்தி அமைத்தார். பின்வந்தோரும் பாக்கின் இசையை அவ்வாறே நடத்தினர். 1829இல் இருபது வயதினரான மென்டெல்சன் பேர்லின் நகரில் மத்தேயு பாடுகளின் இசையை மீண்டும் அரங்கேற்றியபோது பல பகுதிகளை நீக்கியே இசைத்தார். மேற்கூறிய சீ மேஜர் முன்னிசையின்மேல் 1853இல் ஒரு புதிய மெட்டை வைத்து வெளியிட்டவர் குனோ என்னும் பிரான்சு நாட்டவரே. அம்மெட்டு பின்னர் 'ஆவே மரியா' எனப் பாடப்பெற்று உலகெங்கும் பரவியது. குனோவை ஏற்றோர் லூசியேயை மறுத்தற்குக் காரணம் காண்டல் அரிது.

எனினும், மறுதரப்பின் கூற்று முற்றும் வலுவற்றதன்று. 1737ஆம் ஆண்டில் ஷைபே என்னும் இசைத் திறனாய்வாளர் பாக்கின்மீது ஒரு குறை கூறினார். பிறர் வாத்தியக்காரரின் விருப்பத்துக்கு விடும் அணிகளையெல்லாம் பாக் தாமே சுரங்களாக எழுதிவிடுகின்றார் என்பதே அக்குறை. இதனால், மற்றையோரினும் பாக் தம் இசையின் வடிவத்தைத் தம் கையிலேயே வைத்திருக்க விரும்பினார் என்பது புலனாகும். அன்றியும், பாக்கின் இசையிற் பல குரல்கள் ஒருங்கே தனித்தனி வழிகளிற் செல்வன. அவற்றின் பின்னலே அவ்விசையின் உயிர் எனலாம். மனோதர்மத்தில் ஒரு குரலை மேலோங்கச் செய்து, ஏனையவற்றைச் சுரக்கூட்டுகளாக ஒடுக்கும்போது அப்பின்னல் அவிழ்ந்துவிடும். லூசியே குழுவினர் பியூக்குகளைத் தொடங்கும்போது குரல்களைப் பியானோவுக்கும் டபிள் பேஸுக்கும் பகிர்ந்தளித்து ஒருவாறு காக்க முயல்வர்; ஆயினும் கற்பனை விரியுமிடத்து அந்நுட்பம் மறைகின்றது.

இக்காரணத்தினால், லூசியேயின் முறை எல்லாப் படைப்புக்கும் ஒருபடித்தாய்ப் பொருந்துவதில்லை. சுரக்கூட்டுகளின் ஓட்டமே தலைமையாக உள்ள முன்னிசைகளிலும், பாக்கின் மூன்றாவது வாத்தியக்குழுத் தொகுதியில் வரும் 'ஏர்' என்னும் பகுதியிலும் அது பெரிதும் வெற்றி பெறுகின்றது. 'ஏர்' பகுதியில் மேற்குரல் நீண்ட சுரங்களில் அமைதியாக நிற்க, கீழ்க்குரல் சீரான நடையில் இறங்கிச் செல்லும். ஜாஸிலே டபிள் பேஸ் நடப்பதும் இவ்வாறே. இரண்டு நூற்றாண்டுகளின் வழக்கங்கள் வலிந்து ஒட்டப்படாமல் தாமாகவே சந்திக்கும் இடம் இதுவாகும். இவ்விசை பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஒரு சுருட்டு விளம்பரத்துக்குப் பல ஆண்டுகள் பின்னணியாக நின்றமை, புகழ் எவ்வெவ் வழிகளிற் செல்லும் என்பதற்குச் சான்றாகும்.

நமது கருநாடக இசையைக் கேட்டுப் பழகியோர்க்கு லூசியேயின் முறை அயலானதாய்த் தோன்றாது. கீர்த்தனையைப் பாடாந்தரப்படி பாடி, அதில் ஓரடியை எடுத்து நிரவல் செய்து, கற்பனை சுரங்கள் தொடுத்து, எடுப்புக்கு மீள்வது நம் கச்சேரிகளில் நாளும் நிகழ்வதன்றோ? ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நம் பாடகர் கீர்த்தனையின் இராகத்துக்கும் தாளத்துக்கும் உட்பட்டே கற்பனை செய்வர். கற்பனைக்கும் கீர்த்தனைக்கும் இலக்கணம் ஒன்றே. லூசியேயோ ஓரிலக்கணத்திற் பிறந்த இசையை வேறோரிலக்கணத்துக்குக் கொண்டுசெல்கின்றார். இது நிரவலைக்காட்டிலும் ஒருமொழிச் செய்யுளைப் பிறமொழியிற் பெயர்த்தலுக்கே நெருங்கியது. பெயர்ப்பிற் சில நயங்கள் கெடும்; சில புதியன பிறக்கும். பெயர்ப்பாளன் இருமொழியும் வல்லவனாயிருத்தல் இன்றியமையாதது.

லூசியேயின் வெற்றிக்கு அடிப்படையும் இதுவே. அவர் பாக்கை முறையாகக் கற்றபின்னரே மாற்றத் துணிந்தார். 1978இல் அவர் தம் குழுவைக் கலைத்து, தென்பிரான்சிலுள்ள மிராவல் மாளிகையில் தாம் அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில் வேறு வகை இசைகளில் ஈடுபட்டார். பாக் பிறந்து முந்நூறாண்டு நிறைந்த 1985ஆம் ஆண்டிற் புதியதொரு மூவர் குழுவுடன் மீண்டும் மேடையேறினார். பின்னாளில் விவால்டி, ரவெல், சாத்தி முதலியோர் படைப்புகளையும் எடுத்தாண்டார். பாக்கின் முப்பது வேறுபாடுகள் கொண்ட 'கோல்ட்பேர்க்' இசையையும் தம் முறையில் வாசித்தார். 2019ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாள் அவர் காலமானார்.

எழுதப்பட்ட மூலம் அழியாதிருக்கும் வரை, மாற்றி வாசிப்போனால் மூலத்துக்குக் கேடு விளைவதில்லை. அவன் வாசிப்புத் தரம் குறைந்ததாயின் கேட்போர் மறப்பர். தரமுடையதாயின் மூலத்தைத் தேடிச் சென்று கேட்பர். ஆயின் மூலத்தைக் கல்லாது, பழைய மெட்டின்கீழ் ஒரு தாளத்தை முழக்குவதே புதுமை என்று கருதுவோர்க்கு லூசியே முன்மாதிரி ஆகார். மரபை மாற்றும் உரிமை, அதனைக் கற்று முடித்தோர்க்கே உரியது. அவ்வுரிமையைப் பெற்ற ஒருவரின் கையிற் பழைய இசை எவ்வளவு இளமையுடன் ஒலிக்கும் என்பதை அறிய விழைவோர், சீ மேஜர் முன்னிசையை முதலிற் பாக் எழுதியவாறும், பின்னர் லூசியே வாசித்தவாறும், மீண்டும் பாக் எழுதியவாறும் கேட்பாராக. மூன்றாம் முறை கேட்கும்பொழுது, முதன்முறை செவிக்குப் புலனாகாத சில அவர்களுக்குப் புலனாகும்.